எட்டு மாதப் பிள்ளையோடு ஒட்டுசுட்டானில் மூன்று இரவுகள்

மகளுக்கு எட்டு மாதம் முடிந்த அதே கிழமையில் அவளை வன்னிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கொக்குவிலிலிருந்து ஏ9 வீதியால் மாங்குளம், அங்கிருந்து கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான், அதற்கும் உள்ளே முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் பாயும் பக்கத்தில் ஒரு பண்ணை. நான், கணவர், பிள்ளை, என் அம்மா. மாசி மாதம், மூன்று இரவு. புறப்படுவதற்கு முன் தேடிப் பார்த்தேன். நுவரெலியாவுக்கும் கடற்கரை விடுதிகளுக்கும் பிள்ளையோடு போனவர்கள் எழுதியவை நிறையக் கிடைத்தன. கைக்குழந்தையோடு வன்னிக்குள் போய்த் தங்கிய ஒருவர் எழுதியதுகூட என் கண்ணில் படவில்லை. இனிப் போக நினைக்கும் தாய்மாருக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாதத்தைத் தெரிவு செய்ததுதான் நாங்கள் சரியாகச் செய்த முதல் வேலை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை அடிக்கும்போது குளங்கள் வான் பாய்ந்து, உள்வீதிகளில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் ஓடும். ஒரு பக்கம் அகப்பட்டால் மறுபக்கம் போக முடியாது. சித்திரை பிறந்துவிட்டால் வெயில் பிள்ளைக்கு ஆகாது. மாசியில் காலபோக வெள்ளாமை அறுவடையாகிக்கொண்டிருக்கும், இரவில் குளிரும், விடியலில் பனி கொட்டும், பகல் பத்து மணி வரை வெளியே நிற்கலாம். அறுவடை இயந்திரம் ஓடும் வயலுக்குப் பக்கத்தில் மட்டும் பிள்ளையைக் கொண்டு போகக் கூடாது. சுணைத் தூசி காற்றோடு வந்து கண்ணையும் மூக்கையும் பிடித்துவிடும். முதல் நாள் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை, அன்று இரவு முழுவதும் மகள் தும்மினாள்.

காருக்குள் பிள்ளை எங்கே இருப்பது என்பதில் வீட்டில் பெரிய வாக்குவாதம். நமது ஊரில் பிள்ளையைத் தாய் மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் இருப்பதுதான் வழக்கம். அம்மாவும் அதைத்தான் சொன்னார். "மடியை விடப் பாதுகாப்பான இடம் எது பிள்ளை?" என்று கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. சடுதியாகப் பிரேக் பிடித்தால் எட்டுக் கிலோப் பிள்ளையைக் கையால் பிடித்து வைத்திருக்க எந்தத் தாயாலும் முடியாது. ஏ9 நல்ல வீதி, அதனாலேயே எல்லோரும் வேகமாக ஓடுகிறார்கள். நடுவில் மாடு படுத்திருக்கும், சைக்கிள் குறுக்கே வரும், பின்னால் பஸ் முந்தும். கனடாவிலிருந்து வந்துபோன உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற குழந்தை ஆசனம் எங்களிடம் இருந்தது. அடியில் ஒட்டியிருந்த காலாவதித் திகதியையும் வார்களையும் சரிபார்த்து, பின் ஆசனத்தில், பிள்ளை காரின் பின்பக்கம் பார்த்திருக்கும்படி ஆசனப் பட்டியால் இறுக்கிக் கட்டினோம். சின்னக் காரில் அது பிடித்த இடத்தால் இவருக்குக் கால் மடக்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் அதுதான் சரி. காற்றுப்பை வேலை செய்யும் முன் ஆசனத்தில் இதை ஒருபோதும் வைக்காதீர்கள்.

ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். பயணத்தன்று காலையில்தான் முதன்முதலாகப் பிள்ளையை அதற்குள் இருத்துவது என்று நினைத்தால் பரந்தன் வரைக்கும் அழுகைதான். நாங்கள் பத்து நாளுக்கு முன்பே ஆசனத்தை விறாந்தையில் வைத்து, தினமும் கால் மணி நேரம் அதில் இருத்தி விளையாட்டுக் காட்டினோம். அது பழகிப்போனது.

அம்மாவிடமும் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று இருந்தது. அது தண்ணீர். சிறிய அலுமினியக் கேத்தில் ஒன்றையும், மூடி இறுகிய ஐந்து லீற்றர்க் கலன் இரண்டில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியும் எடுத்துக்கொண்டார். பிளாஸ்க்கும் மின்கேத்திலும் இருக்கிறதே, காரில் இடமும் இல்லையே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா பதில் சொல்லவில்லை, கேத்திலைத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். அதற்கான காரணத்தைப் பண்ணையில் மூன்றாம் நாள்தான் முழுதாகக் கேட்டேன்.

விடிய ஐந்தரைக்குப் பால் கொடுத்து, ஆறு மணிக்குப் புறப்பட்டோம். பண்ணை வரைக்கும் 120 கிலோமீற்றர் சொச்சம். பெரியவர்கள் மட்டும் போனால் இரண்டரை மணி நேரம். எங்களுக்கு ஐந்து மணி நேரம் என்று முன்பே கணக்குப் போட்டிருந்தோம், அப்படியே ஆனது. இந்தக் கணக்கை மனதில் முதலிலேயே வைத்துக்கொண்டால் வழியில் யாருக்கும் யார்மீதும் கோபம் வராது. மகள் தூங்கும்போது ஓடினோம், விழித்தால் நிறுத்தினோம். விழித்திருந்தாலும் தூங்கினாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆசனத்திலிருந்து தூக்கி, நிலத்தில் பாய் விரித்துக் காலை உதறி விளையாட விட்டோம். பால் கேட்டு அழுதால் கார் நின்ற பிறகுதான் தூக்கினேன். "இன்னும் ஐந்து நிமிடம்தானே, எடுத்துக் கொடுப்போம்" என்ற எண்ணம் எனக்கு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் இவர் ஓரத்தில் நிறுத்தினார்.

எங்கே நிறுத்துவது என்பதை யோசித்து வைக்க வேண்டும். ஆனையிறவு பார்க்க அழகு, இரு பக்கமும் தண்ணீர், உப்பளம், பறவைகள். ஆனால் நிழல் கிடையாது, உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். படம் எடுக்க இரண்டு நிமிடம் போதும். அதற்கு முன் பளையில் அல்லது அதைத் தாண்டிப் பரந்தனில் நிறுத்துவதே நல்லது. கிளிநொச்சியில் பெற்றோலை நிரப்பி, பாமசியில் விடுபட்டதை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போகப் போகக் கடைகள் குறையும்.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும், நாங்களும் நின்றோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தால் வறுத்த கச்சான் மணம் ஆளை இழுக்கும். கச்சான் விற்கும் அம்மா ஒருவர் மகளைப் பார்த்த பாசத்தில் ஒரு பருப்பை எடுத்துத் தோலை நீக்கி அவள் வாயருகே கொண்டு வந்துவிட்டார். நான் சட்டென்று என் கையை நடுவில் நீட்டி வாங்கிக்கொண்டேன். முழுக் கச்சான் சின்னப் பிள்ளைகளின் மூச்சுக் குழாயை அடைக்கும், ஐந்து வயது வரைக்கும் முழுப் பருப்பாகக் கொடுக்கவே கூடாது. அவருக்கு அதைச் சொன்னபோது முகம் கோணவில்லை. "எனக்குத் தெரியாது தங்கச்சி, நல்ல காலம் சொன்னீர்" என்றார். கோவிலடியில் மரநிழலும் மிதிபட்ட தரையும் இருப்பதால் அங்கேதான் பம்பர்ஸ் மாற்றினோம்.

பம்பர்ஸ் மாற்றுவதைப் பற்றி ஒரு சொல். வன்னியில் வீதியோரம் பற்றையும் மரமுமாகக் குளிர்ச்சியாகத் தெரியும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்தடி உள்ளே போகலாம் என்று தோன்றும். போகாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளை இப்போதும் சில இடங்களில் காணலாம். கோவில் முற்றம், தேநீர்க் கடை, எண்ணெய் நிரப்பும் இடம் என்று ஆட்கள் நடமாடும் தரையிலேயே நில்லுங்கள். அதுவும் இல்லாத இடத்தில் காரின் டிக்கியைத் திறந்து, அதில் பாயை விரித்து மாற்றலாம். நாங்கள் இரண்டு தடவை அப்படித்தான் செய்தோம். பாவித்த பம்பர்ஸை வழியிலும் எறியக் கூடாது, பண்ணையிலும் புதைக்கக் கூடாது. நாயும் மாடும் கிளறி இழுக்கும். இறுகக் கட்டக்கூடிய தடித்த பை ஒன்றில் போட்டு ஊருக்கே திருப்பிக் கொண்டு வந்தோம்.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வீதி, மொத்தம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இரு மருங்கும் பாலையும் வீரையுமாகக் காடு. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரர் கோவிலில் இறங்கினோம். குரக்கன் வெட்டிய பின் நின்ற அடித்தாளான ஒட்டைச் சுட்ட இடத்தில் சிவலிங்கம் தோன்றியது, அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்று சொல்வார்கள். மகளுக்கு அங்கே கண்ணில் பட்டதெல்லாம் மணலில் மேய்ந்த புறாக்கள்தான். பக்கத்தில் கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 1803 ஒக்ரோபர் 31 அன்று தோற்றதைச் சொல்லும் நினைவுக்கல் இருக்கிறது. அவள் தூங்கிவிட்டபடியால் இவர் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். தூங்கும் பிள்ளையைக் காருக்குள் தனியே விட்டுவிட்டு எல்லோரும் இறங்குவது ஒரு நிமிடத்துக்கும் கூடாது. கண்ணாடி பூட்டிய கார் வெயிலில் அடுப்பாகிவிடும். வெயில் படாமல் ஆசனத்தின் மேல் தடித்த துணியால் மூடுவதும் பிழை, உள்ளே சூடு ஏறும், காற்று ஓடாது. கண்ணாடிக்கு மறைப்புப் போடுங்கள்.

பண்ணை ஐந்து ஏக்கர். பாதி வயல், மீதி மேட்டுநிலத்தில் கச்சான், மிளகாய், பப்பாசி. நான்கு பசு, ஆடுகள், கோழிகள். நடுவில் மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக விருந்தினருக்கென்று இரண்டு அறை கட்டியிருந்தார்கள், குளியலறை ஒட்டியபடி. தொலைபேசியிலேயே நான் கேட்டுத் தெரிந்துகொண்ட விடயங்கள் சில உண்டு. கிணற்றுக்குக் கட்டு எவ்வளவு உயரம், மேலே மூடி உண்டா? நாய் கட்டி இருக்குமா? கட்டிலுக்கு நுளம்பு வலை உண்டா? நாங்கள் தங்கும் நாட்களில் மருந்தடிப்பார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்தடிக்க அந்தக் கிழமைதான் ஆள் சொல்லி வைத்திருந்தார்கள். குழந்தை வருகிறது என்றதும் தள்ளிப்போட்டார்கள். மருந்துப் போத்தல்கள் வைக்கும் கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டிருப்பதையும் போனவுடன் பார்த்துக்கொண்டேன்.

பண்ணைக்காரரை ஐயா என்றோம், அவருடைய மனைவியை அக்கா என்றேன். அந்த அக்காவின் கையை நான் மறக்க மாட்டேன். மாலையில் பசுவைக் கறக்கும்போது மகளை என் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். முதலில் கன்றை ஊட்ட விட்டார். பிறகு மடியைக் கழுவி, விரலில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, முழங்கால்களுக்கிடையில் செம்பைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். வெறுஞ்செம்பில் பால் பீச்சியடிக்கும்போது 'சர்'ரென்று கூர்மையாக வந்த சத்தம், நிரம்ப நிரம்ப நுரைக்குள் அமுங்கி மெத்தென்று ஆனது. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். சத்தம் மாறும் ஒவ்வொரு தடவையும் என் கழுத்தைப் பிடித்திருந்த அவளுடைய கை இறுகியது. வீட்டில் எத்தனையோ கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அப்படி அவள் எதையும் கேட்டதில்லை.

கறந்த சூட்டோடு ஒரு சிரட்டைப் பால் மகளுக்கு நீட்டினார். பச்சைப் பால் எந்த வயதுக்கும் நல்லதல்ல. காய்ச்சினாலும், ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசுப்பால் கொடுக்கக் கூடாது. அதை விளங்கப்படுத்தியதும், காய்ச்சிய பாலில் உறைய வைத்த தயிரில் ஒரு கரண்டி கொடுக்கலாம் என்று இருவரும் உடன்பட்டோம். மகள் முகத்தைச் சுருக்கினாள், பிறகு வாயைத் திறந்தாள். சாப்பாட்டுக்கு நான் பொதி பொதியாகக் கொண்டுபோன மாவெல்லாம் பையிலேயே கிடந்தது. அக்கா மொட்டைக்கறுப்பன் அரிசியைக் குழையக் காய்ச்சி, வளவில் காய்த்த பூசணியையும் பருப்பையும் அவித்து மசித்துக் கொடுத்தார், உப்பும் சீனியும் இல்லாமல். பப்பாசி பழுத்துக் கிடந்தது. பிள்ளைக்கு ஏற்கனவே பழகிய தானியம் எது, காய்கறி எது என்று சொல்லிவிட்டால் வன்னியில் சாப்பாட்டுக்குக் குறை வராது.

தேன் விடயம் அவ்வளவு இலகுவாக முடியவில்லை. ஐயா காட்டில் எடுத்த தேன் ஒரு போத்தல் நிறைய இருந்தது, கறுத்து, பாலைப்பூ மணத்தோடு. இரண்டாம் நாள் காலையில் அக்கா சுண்டுவிரலில் தொட்டுக்கொண்டு வந்தார். "நாக்கில் ஒரு சொட்டு, பிள்ளைக்குப் பேச்சு நன்றாக வரும்." அம்மாவும் அவர் பக்கம்தான். "உனக்கும் தம்பிக்கும் நான் தொட்டு வைத்தேன், உங்களுக்கு என்ன வந்தது?" என்றார். இரண்டு மூத்தவர்களும் அன்போடு நிற்கும்போது மறுப்பது கடினம். நான் மறுத்தேன். தேனில் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அதை வளர விடாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் அது முளைத்து நஞ்சு கக்கும். மலச்சிக்கலில் தொடங்கி, பால் உறிஞ்சும் பலம் குறைந்து, கழுத்துத் துவண்டு, கடைசியில் மூச்சு விடும் தசையையும் பிடிக்கும். காய்ச்சினாலும் அந்த வித்துச் சாகாது. எல்லாத் தேனிலும் இருக்காது, எல்லாப் பிள்ளைக்கும் வராது, அதனால்தான் "உங்களுக்கு என்ன வந்தது" என்று கேட்க முடிகிறது. ஆனால் எந்தப் போத்தலில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நான் இதைச் சொல்லி முடிக்கும் வரை அக்கா விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வாயில் வைத்துக்கொண்டு, "சரி தங்கச்சி, நீர் படித்திருக்கிறீர்" என்றார். அம்மா மட்டும் அன்று மத்தியானம் வரை என்னோடு அதிகம் பேசவில்லை.

பகலில் பிள்ளையைத் தூங்க வைக்க அம்மாவின் வழிதான் வென்றது. சேலையால் மாலில் ஏணை கட்டினார். வேற்றிடம் என்ற எண்ணமே இல்லாமல் மகள் அதில் தூங்கினாள். எழுந்து நிற்கப் பழகும் வயது என்பதால் ஒருவர் பக்கத்திலேயே இருந்தோம், இரவில் அதைப் பாவிக்கவில்லை. இரவுக்குக் கட்டில், கெட்டியான மெத்தை, நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிய நுளம்பு வலை. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 2016இல் அறிவித்துவிட்டது. டெங்கு இருக்கிறது. அந்த நுளம்பு பகலில் கடிக்கும், ஆகவே ஏணைக்கும் வலை வேண்டும். செருகிய வலைக்கு இன்னொரு பயனும் உண்டு. வரண்ட வலயத்தில் கண்டங்கருவளைப் பாம்பு இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும். வன்னிக்குப் போனால் பாயில் படுப்பது சுகம்தான், ஆனாலும் பிள்ளையோடு கட்டிலில் படுங்கள். இருட்டில் டோர்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் வயல் வரம்பில் புடையன் பாம்பு கிடக்கும். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள்.

இரண்டாம் இரவு ஒரு மணி இருக்கும், வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று, சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. வெள்ளாமைக்குள் யானை வரப் பார்த்திருக்கிறது, பக்கத்து வயலில் காவலிருந்தவர்கள் யானை வெடி கொளுத்தினார்கள். எனக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கிய பிறகு திரும்பிப் பார்த்தேன். அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை மகளின் காதை மூடியிருந்தது, மற்றக் கையால் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "அம்மா, யானைக்கு" என்றேன். "ஓம், தெரியும்" என்றார். செருப்பைத் தேடிய கை இன்னும் நிற்கவில்லை. மகள் ஒரு தடவை உதறிவிட்டுத் தூங்கிப்போனாள். யானை வெடி இருக்கும் ஊருக்கு வயதான பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள், முதல் நாளே இதைச் சொல்லி வைத்துவிடுங்கள். நான் சொல்லி வைக்கவில்லை. ஐந்து மணிக்குப் பிறகு உள்வீதிகளில் கார் ஓட்டுவதில்லை என்று நாங்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடும் யானைக்காகத்தான்.

மூன்றாம் நாள் மகளுக்கு வயிறு போகத் தொடங்கியது. காலையிலிருந்து பதினொரு மணிக்குள் நான்கு தடவை, தண்ணீராக. பிழை என்னுடையது. முதல் நாள் மாலை ஆட்டுக்குட்டியைத் தொட விட்டேன். குட்டியின் காதைப் பிடித்த கையை ஈரக் கடதாசியால் துடைத்துவிட்டுச் சாப்பாடு கொடுத்தேன். கடதாசி போதாது. விலங்கைத் தொட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில், நகத்துக்கு அடியிலும் கழுவ வேண்டும், தொட்டது பிள்ளையானாலும் தாயானாலும். பால் குடிக்கும் கோப்பையை ஒருமுறை கிணற்றுத் தண்ணீரில் அலசியதும் நினைவுக்கு வந்தது.

அன்று காலையிலிருந்து மின்சாரம் இல்லை. மின்கேத்தில் மூலையில் கிடந்தது. அம்மா பேசாமல் மூன்று கல் வைத்து, தென்னம்பாளை மூட்டி, தன் கேத்திலை ஏற்றினார். தண்ணீர் குமிழ் விட்டுக் கொதித்த பிறகும் இறக்கவில்லை. அப்போதுதான் சொன்னார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கியதால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது எனக்கு நான்கு வயது, தம்பிக்கு ஆறு மாதம். தென்மராட்சியில் சில கிழமை இருந்துவிட்டு, கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து வன்னிக்கு வந்தோம். மரத்தடியில் இருந்த நாட்களில் தம்பிக்கு இப்படித்தான் வயிறு போனது. கொதிக்க வைக்க விறகு கிடைத்த நாளில் சட்டி இல்லை, சட்டி இரவல் கிடைத்த நாளில் விறகு நனைந்திருந்தது. முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரி தன் அடுக்களையைத் திறந்து விட்டார். "இது அவள் தந்த கேத்தில்" என்றார் அம்மா. இத்தனை வருடம் எங்கள் வீட்டு அடுப்படியில் நான் பார்த்து வளர்ந்த கேத்தில்.

வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி உப்புப் பொட்டலம் இரண்டு நான் கொண்டு போயிருந்தேன். ஆற்றிய கொதிநீரில், பொட்டலத்தில் எழுதியிருந்த அளவுக்குச் சரியாகக் கரைத்து, ஒவ்வொரு தடவை வயிறு போன பிறகும் கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவில்லை, கேட்டதை விடக் கூடவே கொடுத்தேன். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்தைப் பிள்ளைக்கு வீட்டில் கொடுக்கக் கூடாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு: கண் குழிகிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருக்கிறாளா, மலத்தில் இரத்தமா, சோர்ந்து பால் மறுக்கிறாளா? ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. அவளிடம் ஒன்றும் இல்லை, என்றாலும் எட்டு மாதப் பிள்ளை என்பதால் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று போவதற்கு முன்பே கேட்டு வைத்திருந்தது அப்போது உதவியது. மாங்குளத்தில் ஆதார வைத்தியசாலை உண்டு, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது. இரவில் நடந்திருந்தால் 1990க்கு அழைத்திருப்போம். அந்த அம்புலன்ஸ் இலவசம். ஆனால் எங்கள் அறைக்குள் தொலைபேசிக்கு அலை இல்லை, படலையடியில்தான் கிடைத்தது. போன அன்று மாலையே எங்கே நின்றால் அலை கிடைக்கும் என்று பார்த்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்டது கிளினிக் கொப்பியைத்தான். நிறை வளைகோடு, போட்ட தடுப்பூசிகள் எல்லாம் அதில் இருந்தபடியால் என்னிடம் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாவையும் வயிற்றுத் தோலையும் பார்த்தார், நீரிழப்பு இல்லை என்றார், 10 நாளுக்கு ஸிங்க் மருந்து தந்தார், ஜீவனியையும் தாய்ப்பாலையும் தொடரச் சொன்னார். மறுநாள் காலையில் இரண்டு தடவையாகக் குறைந்தது, வீடு வந்த மறுநாள் நின்றது. வெளியூருக்கு எதை மறந்தாலும் அந்தக் கொப்பியை மறக்காதீர்கள்.

நான்காம் நாள் திரும்பினோம். போன வழியாலேயே வந்தோம். நந்திக்கடலைப் பார்த்துவிட்டு, புதுக்குடியிருப்பு வழியாகப் பரந்தனுக்கு வரும் திட்டத்தை விட்டுவிட்டோம். வயிறு சரியில்லாத பிள்ளைக்குத் தெரிந்த வழியும் தெரிந்த நிழலும் போதும்.

புறப்படும்போது அக்கா ஒரு சாக்கில் பூசணியும் அரிசியும் கட்டித் தந்தார், அதற்கு மேல் அந்தத் தேன் போத்தலையும் வைத்தார். வீட்டுக்கு வந்து பொருட்களை இறக்கிய அன்று இரவு, அம்மா அடுக்களையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். காலையில் பார்த்தேன். மேல்தட்டில், கேத்திலுக்குப் பக்கத்தில் தேன் போத்தல் நின்றது. அதன்மேல் மருந்துத் துணி நாடா ஒட்டி, அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில், மகளின் முதலாவது பிறந்த நாள் திகதியும் அதற்குக் கீழே "இதற்குப் பிறகு" என்றும் எழுதியிருந்தது.